சத்தம் போடாத பிள்ளை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் குடியிருந்த எல்லாருக்கும் அது தெரியும். அந்த மிஸ்ஸியின் மேல் முதன்முதலாக எனக்கு வந்ததும் கோபம்தான். இத்தனைக்கும் அவர் என்னைத் திட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. நான் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நடந்தது அது. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற சின்ன கிளினிக் ஒன்று இருந்தது. எங்கள் பெண்களுக்கு அது 'பிள்ளை நிறுக்கிற இடம்'. அங்கே இருந்த நர்ஸைத்தான் மிஸ்ஸி என்போம். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைக் கவுனும் வெள்ளைச் சப்பாத்துமாக நிற்பார். மழை பெய்து சேறாகிக் கிடக்கும் நாளிலும் அந்தச் சப்பாத்தில் ஒரு புள்ளி இருக்காது. அதுவே எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன்.

"மிஸ்ஸி, தெரியாம அன்னாசிப்பழம் ஒரு துண்டு தின்னுட்டேன். கலைஞ்சிருமா?"

"ஒரு துண்டு என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. டொக்டரிட்டைக் கேட்டுச் சொல்றன். வாற கிழமை வாரும்" என்றார். சொல்லிவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் நான் அடித்த கூத்து கொஞ்சமல்ல. குழாயடியில் நிற்கிற எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் அன்னாசிக்குப் பதில் தெரியும், இந்தச் சப்பாத்துக்காரிக்குத் தெரியவில்லையாம் என்று நடித்தே காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் போனேன். என்னைக் கண்டதுமே, நான் வாயைத் திறப்பதற்கு முன், "அன்னாசியைப் பற்றிக் கேட்டனான். ஒண்டு ரெண்டு துண்டுக்கு ஒண்டும் செய்யாதாம். பயப்பிடாதையும்" என்றார். ஐம்பது பெண்கள் வந்து போகிற இடத்தில் என் ஒரு துண்டு அன்னாசியை அந்த மனுஷி மறக்கவில்லை. குழாயடியில் இதை நான் சொல்லவில்லை.

அப்புறம் குண்டு விழுந்தது, வெள்ளைக்காரர்கள் ஓடினார்கள், டாக்டர் போய்விட்டார், கிளினிக் பூட்டிக்கொண்டது. மிஸ்ஸி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டிய கட்டிடத்தில் பிறகு பட்டாளத்து மூட்டைகளை அடுக்கினார்கள்.

என் முதல் பிள்ளை அடுத்த வருஷம் நடுவில் பிறந்தான். ரயில்பாதைக்கு அந்தப்பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க்காரர் கிராமத்திலிருந்து, மருத்துவச்சி ஒருவர் வந்து பார்த்தார். நல்ல கைராசிக்காரர், பிரசவத்தில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை கறுப்பாக, தலை நிறைய முடியோடு இருந்தான்.

பிரசவத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். புருஷன் செத்த பிறகு செந்தூலிலிருந்து எங்களோடு வந்து இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. அண்ணி என்று கூப்பிடுவேன். எனக்கும் அவருக்கும் வாரத்துக்கு நான்கு சண்டையாவது நடக்கும். ஆனால் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தால், முடிக்குச் சாம்பிராணி போட ஓடி வருவதும் அவர்தான்.

பத்தியம் என்றால் அண்ணிக்கு உயிர். பச்சை உடம்புக்காரிக்குப் பயறு ஆகாது, வாயு. கீரை ஆகாது, குளிர்ச்சி. நல்ல வெள்ளை அரிசியாகத் தேடி வாங்கி, கழுவுகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிகிற வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். ஏழு தண்ணீர், எட்டுத் தண்ணீர் ஆகும். கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுவார். மல்லிகைப்பூ மாதிரி சோறு, அதற்குப் பூண்டும் மிளகும் போட்ட குழம்பு, சுட்ட கருவாடு ஒரு துண்டு. "சோத்த பாரு, எவ்ளோ சுத்தமா இருக்கு. இத தின்னாத்தான் பால் சுத்தமா இருக்கும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் தின்று முடிக்கிற வரைக்கும் விசிறுவார்.

மூன்றாவது மாதம் பையன் ரொம்ப அமைதியாகிவிட்டான். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்கள் நடமாடிய காலம். பிள்ளை கத்தினால் வாயைப் பொத்துகிற தாய்மார்கள் இருந்தார்கள். "ஒன் மவன் தங்கம்லா. சத்தமே போடறதில்ல. நல்ல புள்ள" என்று அடுத்த வீட்டு அக்கா சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டேன், இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் காலையில் குடித்த பாலைக் கக்கினான். முகம் கறுத்தது. மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் என் மடியிலேயே போய்விட்டான்.

ஏன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வீட்டு அக்கா மாந்தம் என்றார். மருத்துவச்சி காற்று என்றார். சீன மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டுச் சூடு என்றார். கோயிலில் தோஷம் என்றார்கள். செத்துப் போன பிள்ளைக்கு இத்தனை பதில். ஒருவர்கூடச் சந்தேகமாகச் சொல்லவில்லை, ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், அந்தப் பூட்டிய கட்டிடத்தைத் தாண்டும் போதெல்லாம் ஜன்னலைப் பார்ப்பேன். உள்ளே தராசு இருக்கிறதா, சுவரில் மாட்டியிருந்த தாயும் பிள்ளையும் படம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருக்கும். காவலுக்கு நிற்கிறவனுக்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் அந்த வழியாகப் போக வேண்டும். குனிந்தபடியே பார்ப்பேன். கண்ணாடியில் தூசிதான் தெரியும்.

அடுத்த பிள்ளை பெண். ஜப்பான்காரன் காலத்தின் மூன்றாவது வருஷம், பஞ்சம் நன்றாகக் கடித்த நேரம். ரேஷனில் கொடுத்தது நொய்யரிசி. பூச்சி பிடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பைக் கலந்து கொடுப்பார்கள். பாத்திரத்தைத் திறந்தால் வெள்ளையடித்த சுவர் வாடை வரும். மற்றபடி காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்குதான். என் வீட்டுக்காரர் ரயில் இன்ஜினில் ஃபயர்மேன். கரி இல்லாமல் ரப்பர் கட்டையை எரித்து ஓட்டுகிற வேலை, அவரும் கிழங்கைத்தான் கட்டிக்கொண்டு போவார். வீட்டுக்கு வருகிற அரிசி முழுவதையும் அண்ணி எனக்கு மட்டும் வைத்தார். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பத்தியம் குறைந்துவிடக் கூடாது என்று, நாற்பது நாளோடு நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனார். சுண்ணாம்பு போக வேண்டும் என்று பத்துத் தண்ணீர் கழுவினார்.

"நீங்க சாப்பிடுங்க அண்ணி" என்றால், "நா அப்பவே தின்னுட்டேன்" என்பார்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று கோழி வைத்திருந்தார். அதற்குத் தவிடு வேண்டும் என்று சீனர் கடையில் சொல்லி மூட்டையாக வாங்கி வைப்பார். மூட்டை பதினைந்து நாளில் பாதியாகிவிடும். "ஒங்க கோழி என்ன அண்ணி, யானையா? இவ்ளோ தின்னுது, முட்டை மட்டும் காணோம்" என்று கிண்டல் செய்வேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். சண்டைக்காரி ஏன் பதிலுக்குச் சண்டை போடவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை.

பத்தாவது வாரம் மகள் அமைதியானாள்.

"அம்மாடி, இவளும் நல்ல புள்ளதான்" என்று அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னார். பிள்ளை தொட்டிலில் கிடந்தாள். திரும்பி முகத்தைப் பார்த்தேன். வாய் அகலமாகத் திறந்திருந்தது. முகம் சிவந்து, நெற்றி சுருங்கி, கை இரண்டும் முறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முழு மூச்சாக அழுகிறாள். சத்தம் மட்டும் வரவில்லை. தொண்டையில் காற்றுப் போகிற மாதிரி லேசான ஒரு கரகரப்பு, அவ்வளவுதான்.

அவனும் இப்படித்தான் வாயைத் திறந்து அழுதானா? நின்ற இடத்திலேயே நின்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னதால் நான் முகத்தைத் திரும்பிப் பார்க்காமலே வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அந்த மிஸ்ஸி எங்கே இருந்தாலும் எனக்கு வேண்டும் என்றேன். ரயில்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆளைத் தேட வேண்டுமானால் போகிற வண்டி எல்லாவற்றிலும் சொல்லிவிடுவார்கள். டிரைவர், கார்டு, கேட்காரன், சிக்னல்காரன் என்று வாய் மாறி வாய் மாறி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போகும். 'வெள்ளைச் சப்பாத்து மிஸ்ஸி, யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளை நிறுப்பவர்' என்று சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் பதில் வந்தது. கிள்ளானில் அண்ணன் வீட்டில் இருக்கிறார், பெண்கள் தேடிப் போனால் பார்க்கிறார்.

புறப்படுகிறேன் என்றதும் அண்ணி குறுக்கே வந்து நின்றார்.

"பச்ச ஒடம்போட, அனல் அடிக்கிற ரயில்லயா? புள்ள அமைதியாத்தான தூங்குது. அதுக்கு என்ன கொறச்சல்?"

"தூங்கல அண்ணி, அழுவுறா. சத்தம் வரல."

"நாலு புள்ளய வளத்தவ மாதிரி பேசாத. எனக்குத் தெரியும்."

"பெத்திருந்தாத்தான தெரியும் ஒங்களுக்கு!"

சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணி அடுப்படிக்குப் போனார். நான் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்து, ஒரு தூக்குச்சட்டியை என் கையில் திணித்தார். அதில் சோறு இருந்தது. அடுத்த இரண்டு நாளுக்கு வைத்திருந்த அரிசியையும் சேர்த்து வடித்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டை எரிகிற வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்று நின்று போனது. தீப்பொறி பறந்து வந்து என் முந்தானையில் இரண்டு மூன்று ஓட்டை போட்டது. பிள்ளை முகத்தை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்கு மூச்சு வேகமாக வாங்கியது. பால் கொடுத்தால் இரண்டு வாய் இழுத்துவிட்டு விட்டுவிடும். கிள்ளானில் இறங்கி, ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் வழி கேட்டேன். கல்லாவில் இருந்தவர் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கடையைவிட்டே வெளியில் வந்தார்.

"நேரா போ தங்கச்சி, ஆத்துப் பக்கமா. வாசல்ல பொம்பளைங்க குந்தி இருப்பாங்க பாரு, அந்த வீடுதான். கேட்டுக்கிட்டே நிக்காத, நட" என்றார்.

வீட்டு முகப்பில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். இரண்டு மலாய்க்காரிகள், ஒரு சீனப்பெண், மிச்சம் நம்மவர்கள். உத்தரத்திலிருந்து, மீன்காரர்கள் கையில் தூக்கிப் பிடிக்கிற டாச்சிங் தராசு தொங்கியது. கொக்கியில் ஒரு துணித் தொட்டில். அதில் பிள்ளையைப் போட்டு எடைக்கல்லை நகர்த்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கவுன் இல்லை, பழைய சேலை. மெலிந்து பாதியாகியிருந்தார். காலில் மட்டும் அதே சப்பாத்து, ஆனால் வெள்ளை போய்ப் பழுப்பாகிவிட்டது.

அவரிடம் பேச வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்தது எத்தனையோ. பிள்ளையை நீட்டினேன்.

அவர் பிள்ளையின் வயிற்றைத் தொட்டார், காலைத் தொட்டார், நெஞ்சில் காதை வைத்தார். "அழேக்கை சத்தம் வருதே?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். நான் சொல்லாமலே கேட்ட முதல் ஆள் அவர். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

பிறகு பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார். இதுவரை யாரும் என்னைப் பார்த்ததில்லை, எல்லாருமே பிள்ளையைத்தான் பார்த்தார்கள். என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரல் எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "குந்தி எழும்பும் பாப்பம். கை ஊண்டக் கூடாது" என்றார். குந்தினேன். எழுந்திருக்க முடியவில்லை. சீனப்பெண் வந்து தூக்கிவிட்டாள். பெற்ற உடம்பு என்றால் கால் இப்படித்தான் மரத்துப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சாப்பிடுறனீர்?"

பெருமையாகத்தான் சொன்னேன். ஊரே கிழங்கு தின்கிறது, எனக்கு மட்டும் வெள்ளைச் சோறு, பத்துத் தண்ணீர் கழுவியது, பயறு கிடையாது, கீரை கிடையாது. தூக்குச்சட்டியைத் திறந்தும் காட்டினேன். அவர் அந்தச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"வீட்டிலை வேறை ஆருக்கும் இப்பிடிக் கால் வீங்கியிருக்கே?"

"இல்ல மிஸ்ஸி. எங்க நாத்தனார் இரும்பு மாதிரி. ரெண்டு கையிலயும் தண்ணி தூக்குவாங்க."

"அவ என்ன சாப்பிடுறா?"

"கிழங்குதான், அவங்களுக்கு வேற என்ன."

அவர் யோசித்தார். "பிள்ளை, நான் நிச்சயமாச் சொல்லேலாது. ரத்தம் பாக்க வசதியில்லை, ஊசிமருந்து முடிஞ்சு போச்சு. ஆனா இது பெரிபெரி எண்டுதான் நினைக்கிறன். சாப்பாட்டிலை ஒரு சத்துக் குறைஞ்சு போச்சு. உம்மட உடம்பிலை இல்லை, அதாலை பாலிலையும் இல்லை. அரிசியிலை அது இருக்கிறது தவிட்டிலை. தீட்டித் தீட்டி, கழுவிக் கழுவி, எல்லாத்தையும் ஊத்திப் போட்டியள். நான் சொல்லுறது சரியெண்டால் மூண்டு நாளிலை தெரியும். பிழையெண்டால் நாலாம் நாள் திரும்பி வாரும், வேறை யோசிப்பம்" என்றார். "தவிடு எங்கையும் கிடைக்குமே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் சிரிக்கவும் அவர் பயந்து போனார். "எங்க வீட்டுக் கோழிக்கு ஒரு மூட்டை இருக்கு மிஸ்ஸி" என்றேன்.

என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். தவிட்டைச் சலித்து, சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சின்னத் தீயில் குழம்பாக்கி, ஒவ்வொரு தடவை பால் கொடுப்பதற்கு முன்பும் விரலால் பிள்ளையின் நாக்கில் தடவ வேண்டும். நான் தவிட்டைக் கிழங்கோடு சேர்த்துத் தின்ன வேண்டும், பச்சைப்பயறு ஒரு பிடி கிடைத்தாலும் விடக் கூடாது. சொன்னதையெல்லாம் என்னைத் திரும்பச் சொல்ல வைத்தார். முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். கேட்க முடியவில்லை. பின்னால் இருந்த பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன.

வீட்டுக்குத் திரும்பியபோது மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. முன்கதவு திறந்திருந்தது, அண்ணியைக் காணோம். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தவிட்டு மூட்டையைத் தேடிப் பின்பக்கம் போனேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார் அண்ணி. கையில் ஒரு அடை. கறுப்பாக, கரடுமுரடாக, தவிடும் கிழங்கும் சேர்த்துத் தட்டிச் சுட்ட அடை. தின்றுகொண்டிருந்தார். கூட்டில் ஒரு கோழிகூட இல்லை. எப்போது விற்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னைக் கண்டதும் அடையை முந்தானைக்குள் மறைத்தார். திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி முகம் சிறுத்துப் போனது. "கோழி தின்றத தின்றேன்னு தம்பிக்கிட்ட சொல்லிராத புள்ள. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல மானம் போயிரும்" என்றார்.

நான் அவர் பக்கத்தில் குந்தினேன். முந்தானைக்குள் கையை விட்டு அடையைப் பிடுங்கி, பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். மரத்தூள் மாதிரி இருந்தது. மென்றுகொண்டே மிஸ்ஸி சொன்னதைச் சொன்னேன். தவிடுதான் மருந்து என்று மட்டும் சொன்னேன். வெள்ளைச் சோற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அண்ணி முட்டாள் இல்லை. நான் பேசப் பேச அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. எழுந்து போய்த் தவிட்டைச் சலிக்க ஆரம்பித்தார்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் பிள்ளைக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. மூன்றாம் நாள் பாலை விடாமல் குடித்தாள். தொண்டை மட்டும் திறக்கவில்லை. நானும் அண்ணியும் தொட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பிள்ளை எப்போது அழும் என்று காத்திருந்தோம். அழுதால் வாயையே பார்ப்போம். கரகரப்பு கொஞ்சம் கூடும், நின்றுவிடும். அந்த நாட்களில் நான் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை. சோறு வேண்டாம், ஜப்பான்காரன் போகக்கூட வேண்டாம், என் பிள்ளை ஒரு தடவை கத்தினால் போதும் என்று இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், குழாயடியில் குடத்தோடு நின்றபோது எங்கள் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. கிழிந்த தகரத்தை இழுக்கிற மாதிரி இருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அண்ணி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றார், பிள்ளை வீறிட்டுக் கத்தியது, அண்ணியும் கூடவே சத்தமாக அழுதார். "வாய மூடச் சொல்லுங்கலா, சோல்ஜர் போறான்" என்று அடுத்த வீட்டு அக்கா ஜன்னல் வழியாகச் சொன்னார். அண்ணி திரும்பி, "எம்புள்ள கத்தட்டும், ஒனக்கென்ன?" என்று போட்ட போடில் ஜன்னல் சாத்திக்கொண்டது. அன்றைக்குத்தான் என்னைவிடக் கோபக்காரி அந்த வீட்டில் இருக்கிறார் என்று எங்கள் வரிசைக்குத் தெரிந்தது.

ஜப்பான்காரன் போன பிறகு, மகள் நடை பழகிய நேரத்தில், நான் இன்னொரு தடவை கிள்ளானுக்குப் போனேன். பிள்ளையைக் காட்ட என்று வீட்டில் சொன்னேன். உண்மை அது மட்டும் இல்லை. கேட்காமல் விட்டது ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. மிஸ்ஸி என் மகளைத் தூக்கி டாச்சிங்கில் போட முடியாமல் சிரித்தார். அவள் உதைத்த உதையில் தொட்டில் கழன்றுவிட்டது. மற்ற பெண்கள் போகும்வரை காத்திருந்து, முதல் பிள்ளையைப் பற்றி ஆதியிலிருந்து சொன்னேன். மூன்றாம் மாதம், அமைதி, கக்கிய பால், கறுத்த முகம்.

"அவனும் அதுலதான் போனானா மிஸ்ஸி?"

"அழேக்கை சத்தம் வந்ததே?"

"எனக்குத் தெரியல மிஸ்ஸி. நா பாக்கல."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

"நான் அவனைப் பாக்கேல்லை, பிள்ளை. எனக்குத் தெரியாது" என்றார்.

கேட்டுச் சொல்றன் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. யாரைக் கேட்பார்?

வீட்டுக்கு வந்தபோது அண்ணி கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "மிஸ்ஸி என்ன சொன்னாங்க?" என்றார். மகளைப் பற்றி அவர் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் எதற்காகப் போனேன் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த அரிசியைக் கழுவிய கை அவருடையது. அந்த ஒரு வருஷமும் அதை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

"தெரியாதுன்னாங்க அண்ணி."

கத்தி நின்றது. "தெரியாதா" என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"அவன் அழுதா எப்படி இருக்கும்? ஒனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு எவ்ளோ யோசிச்சும் வரமாட்டேங்குது."

பிறந்த அன்றைக்கு அழுதிருப்பான். முதல் மாதம் பசிக்கு அழுதிருப்பான். நான்தான் ஓடி ஓடித் தூக்கியிருப்பேன். அந்தச் சத்தத்துக்காக இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நான் ஏங்குகிறேன். எந்த வீட்டில் பிள்ளை அழுதாலும் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.

"இருக்கு அண்ணி" என்றேன். "இவ அழுவுற மாதிரியேதான்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் விளையாடிய மகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். எனக்கும் ஞாபகம் இல்லை.